தூண்டிற் கயிறு: பின்னலும் ஒற்றையிழையும்

பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறிச் செல்லும் பாதையிலே கடலை நினைவூட்டும் பொருள் எதுவும் கண்ணிற் படுவதில்லை. இருமருங்கும் தேயிலைச் சரிவுகள், அவற்றிடையே லயங்கள், மேலே மூடுபனி. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டிலே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இவ்வயலிலேயே உள்ளது. ஆயினும் தெல்தோட்டைக் கடைவீதிக்கு வந்து மீன்பலகையைப் பார்ப்பவர் கடலை மறந்துவிட முடியாது. சூரை, பாரை, மலைநாட்டிலே பெரும்பாலும் தோரா என்ற பெயரால் அறியப்படும் அறுக்குளா, கருவாட்டுக் கடையிலே தொங்கும் கட்டா ஆகிய யாவும் மலையேறி வந்த கடற்செல்வங்களே. மாதச் சம்பளம் கையிற் கிடைத்த நாளில் ஒரு துண்டு தோரா வாங்குவது தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்குச் சிறப்பான செலவு.

இம்மீன்களிற் பெரும்பகுதி வலையிலே அகப்படுவது. ஆனால் ஒரு பகுதி, ஓடும் படகின் பின்னே நீளும் ஒரு தனிக் கயிற்றின் நுனியிலே பிடிபட்டு வருகின்றது. அந்தக் கயிறு எத்தகையதாக இருத்தல் வேண்டும், பின்னிய நூலா அல்லது ஒற்றை இழையா என்னும் வினாவே இங்கு ஆராயப்படுவது. மலையில் வாழ்பவருக்கு இவ்வினா சிறிதாகத் தோன்றலாம். கடலிலே அக்கயிற்றைக் கையிற் பிடித்திருப்பவனுக்கு அது விரலையும் அன்றைய வருமானத்தையும் பொறுத்த வினாவாகும்.

முதலிலே தொழிலின் தன்மையைத் தெளிவுபடுத்துதல் நன்று. படகின் பின்னே பெரிய மடிவலையைக் கட்டிக் கடலின் அடித்தளத்தை வாரி இழுத்துச் செல்லும் இழுவைமடித் தொழில் வேறு, இது வேறு. இத்தொழிலில் வலை இல்லை. படகு மிதமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பின்னே முப்பது, நாற்பது மீற்றர் தொலைவிலே, கயிற்றின் நுனியில் ஒரு போலி இரை துள்ளி வரும். வெள்ளை இறகோ, மின்னும் உலோகத் தகடோ, ரப்பரினாற் செய்த கணவாயோ அவ்விரையாக அமையும். ஓடி இரை பிடிக்கும் மீன்கள் அதனைச் சிறு மீனென்று எண்ணித் தாக்கும். அறுக்குளா, சூரை, பாரை, கட்டா, சீலா, தளப்பத்து என்பன இவ்வாறு பிடிபடுவன. ஓட்டத்தினாலேயே மீனை ஏய்ப்பதால், இதனை ஓடுதூண்டில் என்று இங்கே குறிப்பிடலாம்.

திருகோணமலைப் பகுதி இத்தொழிலுக்கு வாய்ப்பானது. அங்கே கரையை அடுத்தே கடல் மிகுந்த ஆழம் கொள்கின்றது. துறைமுக வாயிலை அண்டிக் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகின்றது. ஆதலால் ஆழ்கடலில் திரியும் மீனினங்கள் கரைக்கு அணித்தே வருகின்றன. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறிய கண்ணாடியிழைப் படகிலே சென்றும் அவற்றைப் பிடிக்க முடிகின்றது.

ஆனால் ஓடுதூண்டிலுக்கு ஒரு விலை உண்டு. வலையை விரித்தவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். ஓடுதூண்டில் போட்டவனோ, தூண்டில் நீரிலே கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கின்றான். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, சிறுபடகுத் தொழிலாளர் அடைந்த இடர்ப்பாட்டை நாடறியும். அத்தகைய நிலையில் மூன்று மணி நேரம் ஓடியபின் வந்து கடித்த ஒரே மீனும் கயிறறுந்து போய்விடுமாயின், போனது மீன் மட்டுமன்று. அதுவரை எரித்த எண்ணெயும் அதனோடு போய்விட்டது. ஆகவே கயிற்றைத் தெரிவு செய்வது பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. அது வீட்டுக் கணக்கைச் சேர்ந்த விடயமாகும்.

இனிக் கயிறுகளின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். பழங்காலத்திலே பருத்தி நூலும் சணல் நூலுமே தூண்டிற் கயிறாக இருந்தன. அவை நீரில் ஊறி விரைவில் அழுகுவன. ஆகையாற் பனிச்சங்காயின் துவர்ச்சாற்றிலோ மரப்பட்டைச் சாற்றிலோ வலையையும் கயிற்றையும் தோய்த்து உலர்த்தி வந்தனர். தோய்ப்பதும் உலர்த்துவதும் தொழிலாளியின் நேரத்தில் ஒரு பகுதியை விழுங்கின. அக்காலக் கயிறுகள் யாவும் பல இழைகளை முறுக்கியோ பின்னியோ செய்தவை. நீண்ட ஒற்றை இழையாக ஒரு வலிய கயிற்றை இயற்கை தருவதில்லை.

அமெரிக்காவிலே டூபொன்ற் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வாலஸ் கரதர்ஸ் என்னும் இரசாயன அறிஞரின் குழுவினர் 1935இல் நைலோனை ஆக்கினர். 1938இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உருகிய நைலோனைச் சிறு துளை வழியாக இழுத்துக் குளிரச் செய்தால், எவ்வளவு நீளமாயினும் முடிச்சற்ற ஒரே இழை கிடைக்கும். அழுகாத, கண்ணாடி போன்ற இவ்விழையைத்தான் இலங்கைக் கரையோரத்தில் தங்கூசி என்று வழங்குகின்றனர். இலங்கையில் 1950களின் பிற்பகுதியிலே நைலோன் நூலும் இயந்திரப் படகும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பரவத் தொடங்கின. மூன்றரைத் தொன் படகுகள் 1958இல் அறிமுகமாயின. பனிச்சங்காய்த் தொட்டி மெல்ல மெல்ல மறைந்தது.

பின்னல் நூல் அதனோடு முடிந்துவிடவில்லை. நெதர்லாந்திலே டி.எஸ்.எம். நிறுவனத்தின் ஆய்வாளரான போல் சிமித், பீற் லெம்ஸ்ற்றா ஆகிய இருவரும் 1970களின் இறுதியில் ஒரு புதுமுறையைக் கண்டனர். பிளாஸ்ரிக் பைகள் செய்யப் பயன்படும் பொலியெதிலீன் இனத்தைச் சேர்ந்த, மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட ஒரு பொருளைக் கரைத்துக் களியாக்கி, அக்களியிலிருந்து நூல் நூற்பதே அம்முறை. அந்நூல் 1990இல் வணிக அளவில் வெளிவரத் தொடங்கியது. எடைக்கு எடை நோக்கினால் அது உருக்குக் கம்பியிலும் பன்மடங்கு வலியது. நீரினும் இலேசானதாகையால் மிதப்பது. மயிரிழை போன்ற அதன் இழைகளில் நான்கையோ எட்டையோ சேர்த்துப் பின்னியதே இன்று கடைகளிற் காணப்படும் பின்னல் நூல்.

திருகோணமலைக் கடையொன்றிலே இளந்தொழிலாளி ஒருவன் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். “அண்ணை, இந்த இரண்டிலும் எது பலமான நூல்?” என்று அவன் கேட்கின்றான். பலத்தை மட்டும் நோக்கினால் விடை எளிது. முப்பது இறாத்தல் சுமை தாங்கும் தங்கூசி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் பருமனுடையது. அதே சுமையைத் தாங்கும் பின்னல் நூலின் பருமன் அதிற் பாதியளவே. ஆகவே ஒரே பருமனை எடுத்துக்கொண்டால் பின்னலே வெல்லும். ஆனால் தொழிலறிந்த கடைக்காரர் அவ்வாறு விடை சொல்லமாட்டார். “தம்பி, கையிலே பிடிக்கவா, றீலிலே சுற்றவா?” என்று திருப்பிக் கேட்பார். இவ்வினாவின் உட்பொருளை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

தங்கூசியின் தனிப்பண்பு நெகிழ்வு. இழுத்தால் அது நீளும், விட்டாற் சுருங்கும். அறுபடும் எல்லையை நெருங்கும்போது அது தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை, சிலவேளை அதற்கு மேலும், நீண்டுகொடுக்கும். பின்னல் நூலோ நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குக்கு மேல் நீள்வதில்லை. இவ்வேற்றுமை ஓடுதூண்டிலில் என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

படகு மணிக்கு ஆறு கடல்மைல் வேகத்தில் ஓடுகின்றது. அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று மீற்றர் முன்னே செல்கின்றது. பின்னே நாற்பது மீற்றர் கயிறு. பெரிய அறுக்குளா ஒன்று இரையைக் கௌவி அப்படியே நிற்கின்றது என்று கொள்வோம். கயிறு தங்கூசியாயின் அது எட்டு மீற்றர் வரை நீண்டுகொடுக்கும். படகு அத்தூரத்தைக் கடக்க இரண்டரைச் செக்கன் ஆகும். அதற்குள் கயிறு பிடித்திருப்பவன் கையைத் தளர்த்தலாம். படகோட்டி இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கலாம். கயிறு பின்னலாயின் அது ஒன்றரை மீற்றர் அளவே கொடுக்கும். படகு அதனை அரைச் செக்கனிற் கடந்துவிடும். அரைச் செக்கனில் மனிதன் திடுக்கிட முடியுமேயன்றி வேறொன்றும் செய்தல் அரிது. மீன் நில்லாமல் எதிர்த்திசையில் திரும்பி ஓடுமாயின் அந்த அரைச் செக்கனும் பாதியாகும். அப்போது கயிறு அறும். அல்லது தூண்டில் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். அல்லது பிடித்திருப்பவனின் கை வெட்டுண்ணும்.

மூன்றாவது கூறியதே மிகவும் கருதத்தக்கது. இலங்கையின் சிறுபடகுகளிலே ஓடுதூண்டிற் கயிற்றைக் கையிற் பிடிப்பதும், படகின் விளிம்பில் நீட்டிய மூங்கிற் கழியிற் கட்டுவதும் வழக்கம். கையில் அழுந்தும் கயிறு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூர்மையானது. பாதிப் பருமனுள்ள நூல் அதே சுமையைக் கையின் மிகக் குறுகிய கோட்டிலே செலுத்துகின்றது. பாரம் ஏறிய நிலையில் அது கத்தி போலச் சதையில் இறங்கும். ஆதலாற் கையால் இழுப்பவனுக்குப் பருமனான தங்கூசியே ஏற்றது. அதிலும் கயிற்றை ஒருபோதும் உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளல் ஆகாது. விரல்களுக்கு ரப்பர் உறையும், எட்டும் தூரத்தில் ஒரு கத்தியும் இருத்தல் வேண்டும். கயிற்றின் படகுப்புற முனையிலே நெகிழும் ரப்பர்ப் பட்டி ஒன்றைச் சேர்த்துக் கட்டினால், மீன் தாக்கும் முதல் அதிர்ச்சியை அது ஏற்றுக்கொள்ளும். பசிபிக் தீவுகளின் ஓடுதூண்டிற்காரரும் இவ்வுபாயத்தைக் கையாளுகின்றனர்.

அவ்வாறாயின் பின்னல் நூல் பயனற்றதா? அன்று. றீல் எனப்படும் சுருளியிற் கயிற்றைச் சுற்றித் தொழில் செய்பவருக்கு நிலைமை வேறு. சுருளியிலே தடையொன்று உண்டு. குறித்த அளவுக்கு மேல் இழுப்பு வந்தால் அது வழுக்கிக் கயிற்றை வெளியே விடும். நெகிழும் வேலையை அங்கே கயிற்றுக்குப் பதிலாகத் தடை செய்கின்றது. மேலும், பருமன் பாதியானால் அதே சுருளியில் ஏறத்தாழ நான்மடங்கு நீளம் கொள்ளும். சூரையும் தளப்பத்தும் முதல் ஓட்டத்திலேயே பெருந்தூரம் கயிற்றைக் கொண்டு செல்வன. கயிறு தீர்ந்துவிட்டால் மீனும் போய்விடும். மெல்லிய நூலை நீர் குறைவாகவே தடுக்கும். ஆகையால் ஆழத்தில் ஓட வேண்டிய இரை நன்கு இறங்கும். நெகிழாத நூல் செய்தியையும் விரைவாகக் கொண்டு வரும். இரையிலே பாசி சிக்கி அதன் துடிப்பு நின்றால் அது உடனே தெரியும். தங்கூசியில் அது தெரியாமல், பாசியை இழுத்தபடியே ஒரு மணி நேரம் எண்ணெயை எரித்தல் கூடும்.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளுவதைவிட, இரண்டையும் உரிய இடத்தில் வைப்பதே அறிவுடைமையாகும். இதற்கு மலைநாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1880களிலே ஆங்கிலேயர் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைக் கொண்டுவந்து விட்டனர். அக்காலத்தில் அம்மீனைப் பிடிப்பதற்குரிய தூண்டிலிலே, கையோடு சேர்ந்த நீண்ட பகுதி எண்ணெய் ஊட்டிய பட்டுப் பின்னலாக இருக்கும். மீனை அணுகும் நுனிப் பகுதியோ ஒற்றை இழை. பட்டுப்புழுவின் சுரப்பியை நீட்டி உலர்த்தி எடுத்த அவ்விழை ஸ்பெயின் நாட்டின் மூர்சியாப் பகுதியிலிருந்து வந்தது. நைலோன் பிறப்பதற்கு முன்னரே பின்னலும் ஒற்றையிழையும் ஒரே கயிற்றிலே தத்தம் பணியைச் செய்துவந்தன.

இன்று சுருளி கொண்டு ஓடுதூண்டில் போடுவோர் பலர் கைக்கொள்ளும் முறையும் இதுவே. சுருளியின் அடியிற் பின்னல் நூல் நீளமாகக் கிடக்கும். அதன் முன்னே முப்பது முதல் ஐம்பது மீற்றர் தங்கூசி சேர்க்கப்படும். படகு ஓடும்போது நீரிலே கிடப்பதும், தாக்குதலின் அதிர்ச்சியைத் தாங்குவதும் தங்கூசி. மீன் தொலைவிற்கு ஓடும்போது கைகொடுப்பது பின்னல். மீனைப் படகருகே கொண்டுவந்து கையாற் கயிற்றைப் பற்றும்போது, பற்றப்படுவது மறுபடியும் பருமனான தங்கூசியே. அறுக்குளாவையும் சீலாவையும் நாடிச் செல்பவர் நுனியிலே குறுகிய உருக்குக் கம்பி ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். அவற்றின் பற்களுக்குப் பின்னலும் ஒன்றே, தங்கூசியும் ஒன்றே. இரண்டையும் அவை எளிதில் வெட்டும். சுழன்று வரும் தகட்டிரையைப் பயன்படுத்தினால், கயிறு முறுக்கேறாதபடி தானே சுழலும் ஒரு சிறு வளையத்தை இடையிலே வைத்தல் நன்று.

முடிச்சிலும் கவனம் வேண்டும். பொலியெதிலீன் வழுவழுப்பானது. தங்கூசிக்குப் போடும் முடிச்சையே பின்னலுக்கும் போட்டால் அது பாரம் ஏறியதும் நழுவி அவிழும். ஆதலாற் சுற்றுகளை மிகுதியாக்குதல் வேண்டும். மேலும் அது நைலோனைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் உருகுவது. உலர்ந்த நிலையில் முடிச்சை விசையோடு இறுக்கினால் உராய்வின் சூட்டினாலேயே அது நலிவடையும். எந்தக் கயிறாயினும் முடிச்சை ஈரப்படுத்தி மெல்ல இறுக்குவதே நல்வழக்கம்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். பின்னல் நூல் தங்கூசியைவிடப் பன்மடங்கு விலையுடையது. ஆனால் அது வெயிலையும் நீரையும் நன்கு தாங்கிப் பல ஆண்டுகள் உழைக்கும். தங்கூசி நீரை உறிஞ்சி ஈரநிலையில் வலிமையில் ஒரு பங்கை இழக்கும். வெயிலிற் கிடந்து நாளடைவில் நொறுங்கும் இயல்பும் அதற்கு உண்டு. மலிவானது என்று வாங்கி, மலிவானது என்பதனாலேயே மாற்றாமல் வைத்திருப்பவன், நல்ல மீன் கடிக்கும் நாளிலே ஏமாறுவான். பின்னலையோ பாறையும் பவளமும் எளிதில் அறுத்துவிடும். தங்கூசி உரசலைச் சிறிது பொறுக்கும். ஆயினும் கீறல் விழுந்த நுனியை விரலாற் தடவிப் பார்த்து அவ்வப்போது வெட்டி நீக்குதல் வேண்டும்.

வெட்டி நீக்கிய அத்துண்டு எங்கே போகின்றது என்னும் வினாவும் எழுகின்றது. பருத்திக் கயிறு அழுகியது தொழிலாளிக்குத் துன்பம். கடலுக்கு அது நன்மையாக இருந்தது. தங்கூசியும் பின்னலும் அழுகமாட்டா. கடலில் எறியப்பட்ட துண்டு மிகப் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்து, ஆமையின் கழுத்தையும் பறவையின் காலையும் சுற்றிக்கொள்ளும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் இலங்கையிலே தங்கூசி வலையைத் தடைசெய்துள்ளன. நீரிலே கண்ணுக்குப் புலப்படாத அவ்வலை சிறிது பெரிது என்று பாராமல் யாவற்றையும் பிடிப்பது; தொலைந்த பின்னும் பிடித்துக்கொண்டேயிருப்பது. தூண்டிற் கயிறாகப் பயன்படும் தங்கூசிக்கு அத்தடை இல்லை. கயிறு ஒரு நேரத்தில் ஒரு மீனையே பிடிக்கும். ஆனால் வலைக்கு விதித்த தடையின் காரணத்தை அறிந்தவன், பழைய கயிற்றைக் கடலில் எறியாமற் கரைக்குக் கொண்டுவருவதைத் தன் கடமையாகக் கொள்ளுவான்.

தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண், முதுகிலே தொங்கும் கூடையின் பாரத்தைத் தலையிற் பூட்டிய கயிற்றினால் தாங்குகின்றாள். பாரம் தாங்க வலிய கயிறு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அக்கயிறு தலையிலே படும் இடத்தில் துணியை மடித்து வைக்கவும் அவள் அறிவாள். கயிற்றின் வலிமையைத் துணி குறைப்பதில்லை. மாலைவரை அப்பாரத்தைச் சுமக்க அதுவே வழி செய்கின்றது. ஓடுதூண்டிற்காரன் தன் கயிற்றிலே தங்கூசியைச் சேர்ப்பதும் இதே அறிவினாலேயே. கையால் இழுப்பவன் முழுவதும் பருமனான தங்கூசியைக் கொள்க. சுருளி உடையவன் அடியிற் பின்னலும் முன்னே தங்கூசியும் வைத்துக்கொள்க. இருவரும் முடிச்சை நனைத்து இறுக்குக. கையிற் கயிற்றைச் சுற்றாதிருக்க. அவ்வாறு பிடித்த மீன் கடற்கரையில் விலைபோய், பனிக்கட்டியோடு வண்டியேறி, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு வந்து சேரும்போது, அதனைப் பிடித்தவனின் பத்து விரல்களும் குறையாமல் இருக்கும்.